ஒரு பிடி மிச்சம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சின்னவளும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகுகிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நீயும் அங்கே நல்ல தூக்கமும் நல்ல உடம்புமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறோமே, இது என்ன புதுசாகக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்கிறாள், அப்பா ஸ்பீக்கரில் போடு ஸ்பீக்கரில் போடு என்கிறார், உன் பக்கத்திலோ கப்பல் பட்டறைச் சத்தம். எனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் அந்தக் கலவரத்தில் சொல்கிற விஷயம் இல்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று, விடுதிப் பிள்ளைகள் மைதானத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு மணி நேரம் முழுசாக என்னுடையது, உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கரண்டி பிடித்தே பழகிய கை.

அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் புது பஸ் கொடுத்துவிட்டார்கள். பழையதை விட்டுப் பிரிய மனமில்லாமல் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார், இப்போது புது ஹாரனை அடித்து அடித்துத் தான் வருவதைத் தெரு முழுக்கத் தெரியப்படுத்துகிறார். நம் குடியிருப்பில் உன் கட்டிலுக்கு மேலே இருந்த ஒழுகல் அடைத்தாயிற்று. விடுதிச் சமையலறையில் என்னோடு இருக்கிற உப்பக்காவை உனக்கு நினைவிருக்கும், எதை வாயில் வைத்தாலும் உப்பு பார்க்கிற பழக்கத்தில் காப்பி குடித்துவிட்டும் உப்பு சரியா இருக்கு என்பாளே அவளேதான், அவளுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், விடுதி முழுக்க மிட்டாய் கொடுத்தாள். சின்னவள் பள்ளிக்கூடப் பெண்கள் பந்தாட்ட அணிக்குக் கோல் காக்கிறாள் என்று உனக்குத் தெரியும். கையை விரித்து நின்றால் பந்துக்கு வழியே கிடையாது, அதனால் பிள்ளைகள் எல்லாரும் அவளைக் கதவு என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளுக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை. ஒரு நாள் இரண்டு கோல் விட்டுவிட்டு வந்து, இன்னைக்குக் கதவுக்குத் தாழ்ப்பாள் கழண்டுடுச்சும்மா என்று தானே சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நடுவில் ஒரு மாசத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது, உனக்கு நாங்கள் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சொன்னால் அவன் லீவு போட்டுக்கொண்டு வந்துவிடுவான் என்று அவள்தான் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இப்போது சொல்லலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டாள். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், பிள்ளைகள் பல் துலக்கி வெறும் வயிறாக இருக்கும்போதே டாக்டரும் நர்ஸம்மாவும் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். விடுதியில் சாப்பிடுகிறவர்கள் இருநூற்று நாற்பது பேர், எல்லாரும் நம்மைப் போல மலை மேட்டிலிருந்து இறங்கி வந்த சனத்துப் பிள்ளைகள். அதில் நூற்றுப் பத்துப் பேர் இருக்க வேண்டிய எடைக்கு மேலே என்றார்கள். பதினேழு பேருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். அந்தப் பதினேழில் ஒன்று நம் வீட்டில். நூற்றுப் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு நான் அண்டா பக்கத்தில் நிற்கிறேன். டாக்டர் நல்ல மனுஷன்தான், நிதானமாகத்தான் பேசினார். “மூணு மாசம் பார்ப்போம்மா, குறையலைன்னா மாத்திரை ஆரம்பிச்சிடலாம், பயப்படாதீங்க” என்றார். பதினைந்து வயதில் மாத்திரை, அது ஒரு தடவை ஆரம்பித்தால் எங்கே போய் முடியும். உன் பெரியப்பாவின் கால்விரலை எடுத்துக் கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. அதைவிட என்னைத் தின்றது இன்னொன்று. மற்ற பிள்ளைகளாவது லீவுக்கு வீட்டுக்குப் போகிறார்கள், வேறு கையால் சாப்பிடுகிறார்கள். இவள் ஒன்பது வருஷமாக மூன்று வேளையும் என் கையால்தான் சாப்பிடுகிறாள்.

பட்டது போதாதென்று வார்டன் சார் ஒரு காரியம் செய்தார். எடை அதிகமான பிள்ளைகளின் பெயரையும் எடையையும் எழுதி, சிவப்பு மையால் வட்டம் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், தப்பு தெரிந்தால்தானே திருத்திக்கொள்ள முடியும் என்பது அவர் நியாயம். மறுநாள் சின்னவள் சாப்பாட்டுக்கூடத்துக்கு வரவில்லை. வயிற்று வலி என்றாள். அதற்கு அடுத்த நாளும் வயிற்று வலி. யாராவது கதவு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பந்தாட்டத்துக்கும் போவதில்லை. அவள் துணியைத் துவைக்க எடுத்தால் பையில் பிஸ்கட் காகிதம் இருக்கிறது, மெத்தைக்கு அடியில் இனிப்புத் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. கூடத்தில் எல்லார் முன்னாலும் தட்டைப் பிடிக்க வெட்கம், பசியோ விடவில்லை, பள்ளிக்கூட வாசலில் இருக்கிற கடைக்காரனிடம் போயிருக்கிறாள். திட்டப் போனேன், என் பருப்பு அவளிடம் வேகவில்லை, “நீ போட்டுத்தானேம்மா நான் இப்படி ஆனேன்” என்று ஒரே வார்த்தை சொன்னாள். நான் வெளியே வந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊட்டச்சத்துத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தாள். சின்ன வயசு, கல்யாணம் ஆகி ஒரு வருஷம் இருக்கலாம், கையில் வட்டமாக ஒரு தட்டுப் படம், அதில் காய்க்குப் பாதி, பருப்புக்குக் கால், சோற்றுக்குக் கால் என்று கோடு போட்டிருந்தது. நாங்கள் அவளுக்குத் தட்டு மேடம் என்று பெயர் வைத்துவிட்டோம். தட்டு மேடம் இரண்டு நாள் என் சமையலறையில் தராசோடு உட்கார்ந்தாள். எண்ணெயை அளந்தாள், சர்க்கரையை அளந்தாள், அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் சொன்னதில் பாதி நியாயம், அதை ஒப்புக்கொள்கிறேன். நமக்கு வருகிற மூட்டைகள் எல்லாம் வெள்ளை அரிசி, வெள்ளை மாவு, வெள்ளைச் சர்க்கரை, வெளுத்த சட்டை மாதிரி எல்லாம் வெள்ளை. மேட்டில் இருந்தபோது கிழங்கும் கீரையும் மீனும் தின்று மலை ஏறி இறங்கினோம் என்று நான் பெருமை பேசப் போவதில்லை, அங்கே பாதி நாள் பசிதான், உனக்கும் தெரியும். ஆனால் அந்த வயிறு இந்த மூட்டைகளுக்குப் பழகவில்லை என்று அவள் சொன்னது என் மனசில் பட்டது. கிழங்கு, கீரை, உடைக்காத பருப்பு எல்லாம் பட்டியலில் சேர்க்க எழுதிக் கொடுத்தாள், இனிப்பு டீயை ஒரு வேளையாகக் குறைத்தாள், எனக்குச் சம்மதம்தான். ஆனால் அவளுக்கே ஒன்று புரியவில்லை. ஊருக்குள் மற்ற விடுதிகளுக்கும் இதே மூட்டைதான் போகிறது, அங்கே இவ்வளவு இல்லை. எங்கள் விடுதியில் மட்டும் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குச் சோறு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு போகிறது. கடைசியில் அவளும், உங்க சனத்து உடம்பு வாகு அப்படி இருக்கலாம்மா, பரம்பரையா வர்றது என்று தன் படிவத்தில் எழுதினாள். எனக்குச் சுருக்கென்றது. சின்னவளின் உடம்பை இரண்டே வரியில் எழுதி மூடிவிட்ட மாதிரி இருந்தது. எங்க பிள்ளைங்களுக்குப் பசி அதிகம், அதனால சாப்பிடுறாங்க, அதுல என்ன தப்பு என்று கேட்டுவிட்டேன்.

பசி அதிகம் என்று நான் சும்மா சொல்லவில்லை. உனக்குப் போனில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறதா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் உப்பக்காவும் மேல் அலுவலகத்துக்குப் போய், பிள்ளைகளுக்குச் சோறு பத்தவில்லை, தட்டை வழித்து வழித்துச் சாப்பிடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது என்று மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு, நாளொன்றுக்கு இருபது கிலோ அரிசி கூடுதலாக வாங்கி வந்தோமே. அன்றைக்கு விடுதியில் எனக்குக் கை தட்டினார்கள். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்.

சாப்பிட வராத பிள்ளைகள் சும்மா படுத்திருக்கக் கூடாது என்பது வார்டன் சாரின் சட்டம். அதனால் சின்னவளைச் சாப்பாட்டு நேரத்தில் தட்டு அடுக்கும் வேலைக்குப் போட்டார். சாப்பாட்டுக்கூடத்தை நீ வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாய், நாலு வருஷத்துக்கு முன்னால் கட்டியது, உள்ளே எப்படி என்று சொல்கிறேன். வாசலில் நுழைந்ததும் வலது பக்கம் நாங்கள் பரிமாறுகிற மேடை. அதைத் தாண்டி நீள மேஜைகள். கூடத்தின் அந்தக் கோடியில் எச்சில் டிரம், அதன் பக்கத்தில் வார்டன் சார் தினமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அவர் தலைக்கு மேலே சுவரில் தட்டில் ஒரு பருக்கை மீதி வைக்காதே என்று பெரிய எழுத்து. தட்டு கழுவுகிற குழாயோ மறுபடியும் வாசல் பக்கம், எங்கள் மேடையை ஒட்டி. கட்டினவன் யோசித்துக் கட்டவில்லை. ஆக, பிள்ளை சாப்பிட்டு முடித்தால் முதலில் வார்டனிடம் தட்டைக் காட்ட வேண்டும், அப்புறம் எங்களைக் கடந்து குழாய்க்குப் போக வேண்டும். சின்னவள் மூன்று வாரம் தட்டு அடுக்கினாள். ஒரு நாள் மத்தியானம் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தாள். வெகு நாள் கழித்துத் தானாக வந்து உட்கார்ந்தாள் என்பதால் நான் தலை நிமிராமல் நறுக்கிக்கொண்டே இருந்தேன். “அம்மா, நீயும் வார்டன் சாரும் பந்து விளையாடுறீங்க, தெரியுமா உனக்கு” என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பந்து நாங்கதான்” என்றாள்.

நம் பழக்கம் உனக்குத் தெரியாததா, இருந்தாலும் நீ போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது, எழுதிவிடுகிறேன். நம் சனத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யாரும் வாயால் வேண்டும் என்பதும் கிடையாது, வேண்டாம் என்பதும் கிடையாது. வேண்டும் என்றால் சோற்றுக்கு அலைகிறவன், வேண்டாம் என்றால் போட்டவளை அவமானப்படுத்தினவன். பேச்செல்லாம் தட்டு பேசும். வயிறு நிறைந்தவன் தட்டின் ஓரத்தில் ஒரு பிடி மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பான், போட்டவளுக்கு அதைப் பார்த்து மனசு குளிரும். தட்டு காலியாக இருந்தால் இன்னும் பசி அடங்கவில்லை என்று அர்த்தம், அதைப் பார்த்துவிட்டும் போடாமல் இருப்பவளைப் போலக் கல்நெஞ்சுக்காரி கிடையாது. இப்போது சின்னவள் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளை வயிறு நிறைந்ததும் நம் வழக்கப்படி ஒரு பிடி மிச்சம் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறது. டிரம் பக்கத்தில் வார்டன் சார், “என்ன இது, போய் முடிச்சிட்டு வா” என்கிறார். பிள்ளை உட்கார்ந்து அந்த ஒரு பிடியையும் விழுங்கி, தட்டை வழித்துக் காட்டிவிட்டுக் குழாய்க்கு வருகிறது. வழியில் நாங்கள். காலித் தட்டைப் பார்த்ததும், ஐயோ பிள்ளைக்குப் பசி என்று நானோ உப்பக்காவோ ஒரு கரண்டி போட்டுவிடுகிறோம். வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வராது, பெற்றவள் அப்படி வளர்க்கவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறது, ஒரு பிடி மிச்சம் வைக்கிறது, வார்டன் முறைக்கிறார், வழிக்கிறது, வருகிறது, நாங்கள் போடுகிறோம். ஒரு சின்னப் பையன் மூன்று தடவை போய் வந்ததை எண்ணினாளாம். மணி அடித்தால்தான் விடுதலை. பெரிய பிள்ளைகள் நாங்கள் அண்டாவுக்குள் குனிகிற நேரம் பார்த்துத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடக் கற்றுக்கொண்டிருக்கிறார்களாம். நான் அதைப் பார்த்துத் தட்டைத் திருடுகிறார்கள் என்று ஒரு தடவை புகார் கொடுத்திருக்கிறேன், அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல.

எனக்குக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. நாலு வருஷம். நாலு வருஷமாக வயிறு நிறைந்த பிள்ளைகளைப் பார்த்துப் பசிக்கிறது பசிக்கிறது என்று பரிதாபப்பட்டிருக்கிறேன், அதற்காக மேஜையைத் தட்டி இருபது கிலோ வாங்கி வந்திருக்கிறேன், கை தட்டல் வேறு வாங்கியிருக்கிறேன். நல்ல சமையல்காரி என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பட்டமெல்லாம் ஒரு நிமிஷத்தில் காய்த்தோலோடு கூடையில் விழுந்தது. அழுதேன், மறைக்க மாட்டேன். சின்னவள் என் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டு, நீ மட்டும் இல்லம்மா, பிஸ்கட்டும் உண்டு, அந்தப் பாட்டிலும் உண்டு, அது என் கணக்கு என்றாள். எவ்வளவு பெரிய மனுஷி பார். மறுநாள் தட்டு மேடத்திடம் போய் நானே சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள், “இது எந்தக் கேள்வியிலயும் இல்லையேம்மா” என்றாள். பரம்பரை என்று எழுதியிருந்த வரியை என் கண் முன்னால் அடித்தாள். அன்றிலிருந்து அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, தட்டுப் படத்தைச் சுவரில் நானே ஒட்டிக் கொடுத்தேன்.

வார்டன் சாரிடம் சொல்வதுதான் பெரும்பாடாகப் போய்விட்டது. அவர் நம் சனம் இல்லை, ஆனால் நம்மைவிடப் பசி பார்த்தவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பிடிதானே சார், வைத்துவிட்டுப் போகட்டுமே என்றேன். “இருநூத்தி நாப்பது பிடிம்மா, ஒரு அண்டா சோறு, தினமும் டிரம்முல கொட்டச் சொல்றீங்களா, நான் சின்ன வயசுல அந்த ஒரு பிடிக்கு அடுத்தவன் வீட்டு வாசல்ல நின்னவன்” என்றார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை, நடுவில் சின்னவள், கூப்பிடாமலேயே உள்ளே வந்து நின்று, “அப்ப நாங்க வாயால சொல்லப் பழகிக்கிறோம் சார், முதல்ல கொஞ்சமா போடச் சொல்லுங்க, வேணும்னா கேக்குறோம், வேணாம்னா போதும்னு சொல்றோம், அந்தப் பேப்பரை மட்டும் பலகையிலேர்ந்து எடுத்துடுங்க” என்றாள். பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுந்து போய்த் தானே அந்தக் காகிதத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை, அவர் கேட்கிற ஆளும் இல்லை.

வாயால் சொல்வது என்ன பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். முதல் வாரம் நீ வந்து பார்த்திருக்க வேண்டும். கரண்டியைத் தூக்கிக்கொண்டு போதுமா என்று நான் கேட்கிறேன், பிள்ளைகள் தரையைப் பார்க்கிறார்கள். ஒருத்தன் தட்டின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டான். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு போதும் என்று சொல்லிவிட்டு அழுதாள். ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று தட்டை மேடையிலேயே போட்டுவிட்டு ஓடிவிட்டது. அடுத்தடுத்துப் பத்துப் பேர் போதும் என்றதும் உப்பக்கா குழம்பை எடுத்து நாக்கில் வைத்து, உப்பு கூடிப்போச்சாடி, ஏன் எல்லாரும் வேணாங்கிறாங்க என்று கலங்கிப் போய்விட்டாள். எனக்கு மட்டும் சுலபமாகவா இருந்தது. சின்னவள் ஒரு மாசத்துக்குப் பிறகு அந்த வாரத்தில் ஒரு நாள்தான் மறுபடியும் தட்டோடு வரிசையில் வந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிழங்கும் கீரையும் வைத்தேன், அரைக் கரண்டி சோறு வைத்தேன், இன்னும் அரைக் கரண்டிக்குக் கை தானாகப் போனது. “போதும்மா” என்றாள், சத்தமாக, என் முகத்தைப் பார்த்து. கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒன்பது வருஷத்தில் என் கரண்டிக்கு முன்னால் யாரும் என் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆனால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு நடுமேஜையில், எல்லாருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதைப் பார்த்ததும் அடிபட்ட கன்னம் ஆறிவிட்டது.

இப்போது பழகிவிட்டது. போதும் போதும் என்று சின்னதுகள் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு போகின்றன, வேண்டும் என்பவர்களும் வெட்கமில்லாமல் வந்து கேட்கிறார்கள், எனக்கு யாருக்கு உண்மையில் பசி என்று முதல் தடவையாகத் தெரிகிறது. கேட்டு வருகிறவர்கள் சிலர் நான் நினைத்தே பார்க்காத ஒல்லிப் பிள்ளைகள், எல்லாத் தட்டும் காலியாக வந்த கூட்டத்துக்கு நடுவில் அவர்கள் பசி எனக்குத் தனியாகத் தெரியாமலே போயிருக்கிறது. இருபது கிலோவை நானே எழுதிக் கொடுத்துத் திருப்பிவிட்டேன், அதற்குப் பதிலாகக் காய் கேட்டு வாங்கியிருக்கிறேன். வார்டன் சார் டிரம் பக்கத்தில் நிற்பதில்லை, மேஜையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், அவரும் நாளுக்கு ஒரு தடவை என்னிடம் போதும் என்று சொல்கிறார். போன வாரம் டாக்டர் வந்தார். சின்னவளுக்கு நூற்று நாலு. இன்னும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான், ஆனால் போகிற திசை சரி, மாத்திரை வேண்டாம், ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றார். எடை இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது, என் முகம் சுருங்கியதைப் பார்த்து நர்ஸம்மா, “வளர்ற பிள்ளைம்மா, தராசைப் பார்க்காதீங்க, ஓடுறாளா தூங்குறாளா சிரிக்கிறாளா அதைப் பாருங்க” என்றாள். ஓடுகிறாள், தூங்குகிறாள், நான் இதை எழுதும்போதே மைதானத்திலிருந்து அவள் அதட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது. கடைக்காரனிடம் வாரத்தில் ஒரு நாள் போகிறாள், அதைக் கண்டுகொள்வதில்லை.

இனி உன் விஷயம், இதற்காகத்தான் கடிதம். போன தடவை நீ வந்து பன்னிரண்டு நாள் இருந்தாய். பன்னிரண்டு நாளும் தட்டைத் துடைத்து வைத்த மாதிரி சாப்பிட்டாய். ஒரு பிடி வைப்பாய் வைப்பாய் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், நீ வைக்கவே இல்லை, நான் போட்டுக்கொண்டே இருந்தேன், நீயும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தாய். பஸ் ஏறும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நீ போன பிறகு அப்பாவிடம், பிள்ளை அங்கே அரைப் பட்டினி கிடக்கிறான், அந்தப் பசி இங்கே வந்தும் அடங்கவில்லை என்று சொல்லி அழுதேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு தடவை சோறு வடிக்கும்போதும் அந்த நினைப்பு எனக்கு. போனில் சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று நான் உயிரை எடுத்ததெல்லாம் அதனால்தான். சின்னவள் அன்றைக்குக் கத்தியை வாங்கி வைத்த பிறகு, காய் அப்படியே கிடக்க, நான் யோசித்தது உன்னைத்தான். அங்கே பத்துப் பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற இடத்தில் மிச்சம் வைத்தால் திட்டுவார்கள், நீ வழித்துச் சாப்பிடப் பழகியிருக்கிறாய், எனக்கு அது தெரியாது. நான் பசி என்று நினைத்துப் போட்டேன். நீ பசியில் சாப்பிடவில்லை ராசா, அம்மா போடுகிறாளே என்று சாப்பிட்டிருக்கிறாய். என் பிள்ளை பட்டினி கிடக்கவில்லை. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணிலும் தண்ணீர் வருகிறது, இரண்டு வருஷக் கவலை ஒரே நாளில் இறங்கிவிட்டது.

உன் கையும் கண்ணும் பத்திரமாக இருக்கட்டும், முகமூடி போடாமல் வெல்டிங் நெருப்புப் பக்கம் போகாதே. நல்ல மனுஷர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், நினைத்ததெல்லாம் கைகூடட்டும், நூறு வருஷம் நோயில்லாமல் இரு. கம்பெனி டாக்டரிடம் ஒரு தடவை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்துவிட்டு எத்தனை என்று எழுது, உனக்கும் நான் பன்னிரண்டு நாள் போட்டிருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, ஒரு தடவை போதும் என்று சொல், நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன், இத்தனை வருஷமும் போட்டுக்கொண்டே இருந்ததில் உன்னோடு பேசவே இல்லை.

ஆசிகளோடு,
உன் அம்மா